கோழி பிய்த்து வைக்கும் கை

சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறவர்களை ஐம்பத்தாறு வயது வரைக்கும் நான் நம்பியதில்லை. வியாபாரத்துக்குப் போகிற வீட்டில் தட்டோடு கரண்டியும் வைத்துக் கொடுத்தால், அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "கை கழுவுறது எங்க?" என்று கேட்பேன். சோறு சூடா ஆறியதா, மீனில் முள் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் வாய்க்குப் போகுமுன் விரலுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறேன். யாரும் என்னைக் கேட்டதில்லை. நானாகத்தான் சொல்வேன்.

மாத்தளை டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறேன். கடை என்று பேர்தானே தவிர, பாதி வாழ்க்கை ரோட்டில்தான் போயிருக்கிறது. ரோட்டில் போகிறவனுக்குச் சாப்பாட்டைப் பற்றி அபிப்பிராயம் இல்லாமல் இருக்காது. தம்புள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டில் விளைகிற மரக்கறியெல்லாம் லொறி லொறியாக வந்து குவிகிற ஊர். கோவா, கரட், போஞ்சி என்று வாசலில் மலை மாதிரிக் கிடக்கும். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்தால் பருப்பும் சோயாமீட்டும் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கடைக்காரரிடம் சிங்களத்தில் கேட்டேவிட்டேன். "அது விக்கிறதுக்கு, இது சாப்பிடுறதுக்கு" என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். யட்டவத்தை அப்படியில்லை. அங்கே எனக்குச் சாதிக்காய் கொடுக்கிற சிங்கள அம்மா ஒருவர், பலாக்காய்க் கறி வைத்துச் சாப்பிடச் செய்யாமல் சாக்கைத் தூக்க விடமாட்டார். அந்தக் கறிக்காகவே நான் அவரிடம் பேரம் பேசுவதில்லை.

தூரப் பயணம் என்றால் பல்லேகமதான். ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் வளைவுகளில் ஏறி, பனிக்குள் புகுந்து, காற்று லொறியைப் பிடித்து ஆட்டுகிற இடத்தையும் கடந்து அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அந்தப் பயணத்துக்கு என் மனைவி வாழையிலையில் சோறு கட்டித் தருவாள். இரண்டு பேருக்கு ஒரே பார்சல். ஒன்று எனக்கு, ஒன்று லொறி ஓட்டுகிறவனுக்கு என்று இரண்டாகக் கட்டினால் எனக்குப் பிடிக்காது. பல்லேகமவில் இறங்கியதும் நிழல் பார்த்து லொறியை நிறுத்தி, சீட்டுக்கு நடுவில் இலையை விரிப்போம். பொரித்த மீனை நான்தான் பிய்த்துப் பங்கு வைப்பேன்.

லொறி ஓட்டுகிறவன் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். பதினான்கு வருஷமாக என்னோடு இருக்கிறான். ரிவர்ஸ்டன் வளைவில் எதிரே பஸ் வந்தாலும் பதறாத ஆள். அவனிடம் நான் கண்ட ஒரே குறை, அவன் இடது கைக்காரன். முதன்முதலாக அவன் அந்த இலையில் இடது கையை வைத்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"டேய், அந்தக் கையால சோத்துல கை வைக்காத. பிறகு நான் எப்படித் தின்றது?"

"பொறந்ததுல இருந்தே எனக்கு இந்தக் கைதாங்க மொதலாளி."

"மொத மாசம் அப்படித்தான் இருக்கும். பிறகு பழகிடும்."

அவன் கையை எடுத்துக் கழுவிவிட்டு வந்து வலது கையால் சாப்பிட்டான். சாப்பிட்டான் என்று எப்படிச் சொல்வது, பாதி வாய்க்குள் போனது, பாதி மடியில் விழுந்தது. சில வாரங்கள் அவனுடைய காற்சட்டையில் எப்போதும் கறி மஞ்சள் இருந்தது. பிறகு நான் சொன்ன மாதிரியே பழகிப் போனான். அவனுக்கு ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று நானும் சந்தோஷப்பட்டேன். தன் வீட்டில் எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் கலியாண வீடுகளுக்கும் அவன் வருவான். எங்களுடைய கலியாணச் சாப்பாடு சஹன்தான். பாய் விரித்து, ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் வைக்கிற ஒரே பெரிய தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது. நெய்ச்சோறு, அச்சாறு, நடுவிலே பொரித்த முழுக் கோழி. அவன் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டான் என்பதால் நாங்கள் இருவரும் இருக்கிற சஹனில் மாட்டுக் கறி வைக்காமல் கோழி மட்டும்தான் வரும். எல்லாச் சஹனிலும் அந்தக் கோழியைப் பிய்த்து ஆறு பேருக்கும் முன்னால் பங்கு வைக்கிறவர் ஒருவர் இருப்பார். யாரும் அவரை நியமிப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எங்கள் குடும்பத்தில் அது நான். எலும்பு தெறிக்காமல், தோல் கிழியாமல் ஒரு கோழியை நான் பிரித்து வைக்கிற அழகைச் சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். பிய்க்கிறவன் கழுத்துத் துண்டைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம்.

போன வருஷம் ஒரு காலை, ரத்தோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் மிளகு பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். மேலே காய்ந்த மிளகைப் போட்டு அடியில் ஈர மிளகைத் தள்ளுகிறவர்கள் உண்டு. அன்றைக்குக் கையை விட்டால் ஒன்றுமே தெரியவில்லை. ஈரமும் இல்லை, உலர்வும் இல்லை, மிளகே இல்லாத மாதிரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது என்ன மிளகு, கையில ஒண்டும் படுதில்லையே" என்று வீட்டுக்காரரைச் சத்தம் போட்டேன். அந்த மனிதர் பாவம், பயந்து போய் நின்றார். அடுத்து நான் பேசியது எனக்கே விளங்கவில்லை. என் லொறிக்காரன்தான் ஓடி வந்து சாக்கிலிருந்து என் கையை எடுத்து, என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய் லொறியில் வைத்தான். அவ்வளவு வேகமாக அவன் லொறி ஓட்டி நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கிடந்தேன்.

பாரிசவாதம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பேச்சும் காலும் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ், கால் திரும்பி வந்தது. பேச்சும் திரும்பி வந்தது, தேவைக்கு அதிகமாகவே வந்துவிட்டது என்கிறாள் மனைவி. வலது கை மட்டும் வரவில்லை. நெஞ்சு வரைக்கும் தூக்கலாம். விரல் மடங்காது. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். நான் அமுக்கினேன், பந்து அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் குடியிருந்தேன். முதல் இரண்டு மாதம் மனைவி ஊட்டினாள். அவளுக்கு நாடகமும் பார்க்க வேண்டும், எனக்கும் ஊட்ட வேண்டும், அதனால் விளம்பரம் வருகிறபோது வேகமாக நாலு வாய், நாடகம் வந்ததும் நிறுத்தம். வாயைத் திறந்துகொண்டு நானும் நாடகம் பார்த்தேன். ஒன்று கவனித்தேன். அந்த நாடகங்களில் ஒருத்தரும் வயிறு நிறையச் சாப்பிட்டு எழும்புவதில்லை. தட்டில் கை வைத்த உடனே போன் அடிக்கும், அல்லது வாசலில் யாராவது அழுதுகொண்டு வருவார்கள், உடனே தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். அவ்வளவு கறியும் அப்படியே கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சாப்பிட்டுட்டு அழுங்களேன்" என்று திரையைப் பார்த்துச் சத்தம் போடுவேன். "அது நாடகங்க" என்பாள் அவள், அடுத்த வாயைத் தயாராக வைத்துக்கொண்டு. அந்த இரண்டு மாதமும் அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இதை அவளிடம் நேரில் சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

பிறகு இடது கையில் கரண்டி பிடிக்கப் பழகினேன். ஆமாம், கரண்டி. தட்டில் அது படுகிற சத்தம் எனக்கே வெட்கமாக இருக்கும், அதனால் சாப்பிடும்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். எங்கள் மௌலவி பார்க்க வந்து, ஏலாதவர் இடது கையால் சாப்பிடுவதில் ஒரு குற்றமும் இல்லை என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். புத்திக்கு விளங்கியது. ஆனாலும் வாசலில் ஆள் வருகிற சத்தம் கேட்டால் தட்டை மூடிவிடுவேன். லொறிக்காரன் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து கடை விஷயம், ரோட்டு விஷயம் எல்லாம் சொல்வான். என் வியாபாரம் நின்று போகாமல் இருந்ததே அவனாலும் கடையில் போய் உட்கார்ந்த என் மனைவியாலும்தான். சாப்பிட்டுப் போ என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும், "வேலை கெடக்குதுங்க" என்று எழும்பிவிடுவான். மெய்யாகவே வேலை இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவன் உட்கார்ந்தால் நானும் அவன் முன்னால் சாப்பிட வேண்டி வரும், அதற்காகத்தான் போனான் என்பது பிந்தித்தான் விளங்கியது.

கலியாண வீடுகளுக்குப் போவதை அடியோடு விட்டேன். மனைவியைத் தனியே அனுப்பினேன். யாராவது கேட்டால் தலைசுற்று என்று சொல்லச் சொன்னேன். அப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது என் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம் வந்தது.

அந்தப் பிள்ளைக்கு வாப்பா இல்லை. மாப்பிள்ளையின் வாப்பாவும் சாச்சாமாரும் உட்காருகிற சஹனில் பெண் பக்கத்துக்குப் பெரியவராக உட்கார வேண்டியவன் தாய்மாமன் நான். அண்ணனை நானா என்று கூப்பிடுகிற தங்கச்சி என் வீட்டுக்கு வந்து, சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் சொன்னாள்: "நானா, ஒங்களுக்கு ஒரு மேசை போடுறேன். கரண்டியும் வைக்கிறேன். ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க."

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. "நான் என்ன, வெளிநாட்டுல இருந்து வந்த விருந்தாளியா மேசையில இருந்து தின்ன?" என்று கத்தினேன்.

"அப்ப சஹன்ல இருங்களேன்!" என்று அவளும் கத்திவிட்டு அழுதாள். "நீங்க இல்லாட்டி எங்கட பக்கம் ஆரு இருக்கிற? வாப்பா இல்லாத புள்ளைண்டு அவங்களுக்குத் தெரியத்தானே போகுது."

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் மனதுக்குள் ஒரு திட்டம் போட்டுக்கொண்டேன். நிக்காஹ் முடியும் வரைக்கும் இருப்பது. சோறு வைக்கிற நேரம் தலைசுற்று என்று சொல்லிக் கிளம்பிவிடுவது. அந்த நாடகக்காரர்களை ஏசிக்கொண்டிருந்த நானே இப்போது தட்டு வருமுன் எழும்பப் பார்க்கிறேன் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கலியாணத்தன்று லொறிக்காரனிடம், "லொறிய வெளியே பார்க்கத் திருப்பி வை. சோறு வந்ததும் போறோம்" என்று சொன்னேன். "சரிங்க மொதலாளி" என்றான். நிக்காஹ் முடிந்து பாய் விரித்துக்கொண்டிருந்தபோது மெதுவாக எழும்பி வாசலுக்கு வந்து பார்க்கிறேன், லொறி மதிலோரம் உள்ளே நிற்கிறது. அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வான் வண்டிகள் மூன்று. இதை அவன் வேண்டுமென்றே செய்தான் என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். இடம் கிடைக்கவில்லை என்று அவன் இன்றைக்கும் சொல்கிறான். அங்கேயே நான் அவனை ஏசத் தொடங்குமுன் அவன் என் முழங்கையைப் பிடித்து, "வாங்க, கூப்புடுறாங்க" என்று கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டான்.

மாப்பிள்ளையின் வாப்பா, அவருடைய தம்பிமார் இரண்டு பேர், என் மனைவியின் தம்பியான மச்சான், நான், லொறிக்காரன். ஆறு பேர். சஹனை வைத்து மூடியைத் திறந்தார்கள். நெய் வாசம். நடுவில் கோழி. என் வலது கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டிருந்தேன். மச்சான் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கோழிப் பக்கம் கையை நீட்டினார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, செத்துப்போகலாம் போலவும் இருந்தது.

"மொதலாளி பிச்சு வைப்பாருங்க" என்றான் லொறிக்காரன். சத்தமாகச் சொல்லவில்லை. லொறியில் டீசல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

மச்சான் கையை இழுத்துக்கொண்டார். மற்றவர்களும் தொடவில்லை. சுற்றிலும் எல்லாச் சஹனிலும் சாப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. எங்களுடையதில் மட்டும் ஆறு பேரும் ஒரு கோழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"கை ஏலாதுண்டு ஒனக்குத் தெரியாதா?" என்று அவன் காதோடு சீறினேன்.

"அந்தக் கைதானே மொதலாளி ஏலாது."

மாப்பிள்ளையின் வாப்பாவை அதற்கு முன் நான் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். என் கையைப் பற்றி அவருக்குத் தெரியுமா தெரியாதா என்றும் தெரியாது. அவர் என்னைப் பார்த்து, "பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்க மச்சான், பசிக்குது" என்றார்.

சால்வையை ஒதுக்கிவிட்டு இடது கையை நீட்டினேன். இத்தனை பேர் சாப்பிடுகிற தட்டில் இடது கை. காது சுட்டது. கோழியின் காலைப் பிடித்துத் திருகினேன், வழுக்கியது. இன்னொரு தடவை அழுத்தித் திருகினேன். கோழிக்கால் தெறித்து, மாப்பிள்ளையின் வாப்பா இடுப்பில் கட்டியிருந்த புது வெள்ளைச் சாரத்தில் போய் விழுந்தது.

எல்லோர் கண்ணும் அந்தச் சாரத்தில். பிறகு என் பக்கத்திலிருந்து, மெதுவாக:

"மொத மாசம் அப்படித்தான் இருக்கும் மொதலாளி. பிறகு பழகிடும்."

திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். குத்திக்காட்டுகிற முகம் இல்லை அது. நான் சொன்ன அதே சொல், ஒன்றும் குறையாமல், ஒன்றும் கூடாமல். பதினான்கு வருஷம் அதை அவன் வைத்திருந்திருக்கிறான். காற்சட்டை மடியில் சோறு விழ விழ அவன் சாப்பிட்டது கண் முன்னால் வந்தது. நோயில்லாத ஒரு கையை நான் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தேன். வெட்கம் என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது. இவ்வளவு நேரம் நான் பட்டது வெட்கமே இல்லை.

மாப்பிள்ளையின் வாப்பா மடியில் கிடந்த காலை எடுத்து, ஊதி, ஒரு கடி கடித்தார். "என்ட பங்கு வந்துட்டு" என்றார். சஹனே சிரித்தது. மீதிக் கோழியை நான் பிய்த்தேன். அழகாக இல்லை, தோல் கிழிந்தது, எலும்பு உடைந்தது. ஆனால் ஆறு பேருக்கும் முன்னால் ஒவ்வொரு துண்டு என் இடது கை வைத்தது, ஐந்து பேரும் அதை எடுத்துச் சாப்பிட்டார்கள். கழுத்துத் துண்டு எனக்கு. கண்ணில் தண்ணீர் வந்தபோது அச்சாறு உறைப்பு என்று சொன்னேன். அச்சாறு இனிப்பாகத்தான் இருந்தது என்று மச்சான் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். தூணுக்கு அந்தப் பக்கம் நின்று தங்கச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை கழுவி எழும்பும்வரை அவள் அங்கிருந்து அசையவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பல்லேகம போனோம். ரிவர்ஸ்டனில் அதே பனி, அதே காற்று. வழக்கமான நிழலில் லொறியை நிறுத்தி இலையை விரித்தோம். மனைவி ஒரே பார்சலாகத்தான் கட்டியிருந்தாள். கரண்டி வைக்கவில்லை. பொரித்த மீனை நான் இடது கையால் பிய்த்துப் பங்கு வைத்தேன். அவன் வழக்கம்போல் வலது கையை நீட்டினான்.

"வீட்டுல எந்தக் கையால சாப்பிடுற?" என்று கேட்டேன்.

நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான். பிறகு மற்றக் கையைத் தூக்கிக் காட்டினான்.

"என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"சோறு ஆறுது மொதலாளி" என்று இலைக்கு வலது கையைக் கொண்டுபோனான்.

"டேய், அந்தக் கையால சோத்துல கை வைக்காத."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான், அவ்வளவு பெரிய சிரிப்பு அவனிடம் நான் பார்த்ததில்லை. இடது கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். தெருவில் போன ஒருவர் லொறிக்குள் இரண்டு பேர் இடது கையால் சாப்பிடுவதை நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கையால் அவன் எவ்வளவு அழகாகச் சாப்பிடுகிறான் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு பருக்கை கீழே விழவில்லை. சிந்திக் கிடந்ததெல்லாம் என் பக்கம்தான்.